போர்ட்டர் பரீட்சைப் படலம்

வாழிய கார்மேகம்! அல் கூஸ் பெருநிலத்து டைல்ஸ் குடோனின் தனிப்பெருந்தூணே! அறுபதுக்கு அறுபது செராமிக் பெட்டி இரண்டினை ஒரே மூச்சில் தோளேற்றும் திண்புயத்து அண்ணலே! ஃபோர்க்லிஃப்ட் பழுதான நாளெல்லாம் நீயே ஃபோர்க்லிஃப்டாகி நின்று, அது பழுதாகாத நாளிலும் அதற்கு ஓய்வு கொடுத்த கருணைக் குன்றே, வாழி! நின் அருஞ்சமரை எழுதப் புகுந்த இந்தப் பேனாவுக்கு, ஐம்பது டிகிரியில் நின்று அருள்பாலிக்கும் துபாய் ஆதவன் சொல் எடுத்துக் கொடுக்கட்டும். ஷட்டர் திறந்தால் ஓடிப்போகும் ஏ.சி. அன்னை இரண்டு பத்தியேனும் உடன் இருக்கட்டும். விசா தந்து ஆட்கொள்ளும் கஃபீல் பெருமான், படித்துவிட்டுக் கோபிக்காதிருக்கட்டும்.

மலையைக் குடையாகப் பிடித்தவர்கள் உண்டு, வில்லை முறித்தவர்கள் உண்டு. அவர்கள் எல்லாம் ஒரு தடவை தூக்கினார்கள், ஒரு தடவை முறித்தார்கள், வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம் அண்ணலோ பதினோரு ஆண்டுகளாகத் தினமும் தூக்கினான். சொல்லிக்கொள்ள ஆளில்லை. முறிந்தது என்னவோ அவன் முதுகுதான். இடுப்புக்குச் சற்று மேலே, முள்ளெலும்புக் கோட்டையின் வாயிலில், வலி என்னும் பகைமன்னன் கூடாரமடித்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. மழை பெய்யாத ஊரில் மழைக்காலம் எது என்று கேட்காதீர்கள், காவியத்தில் அப்படித்தான் எண்ணுவார்கள்.

வருகிற திங்கட்கிழமை காலை குடோன் ஆபீசில் அவன் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். மேலும் இரண்டு ஆண்டு, அதே குடோன், அதே டைல்ஸ். போட்டால் முதுகு போகும். போடாவிட்டால் விசா போகும். இடையில் வேறொரு வேலை கிடைத்தால் இரண்டும் பிழைக்கும். ஐவருக்கும் நூற்றுவருக்கும் நடந்த சண்டையில்கூட இவ்வளவு குறுகிய கெடு கிடையாது.

இவ்வேளையில்தான் தூதன் வந்தான். அவன் அருள்ராஜ், அண்ணலின் பக்கத்து ஊர்க்காரன், பெரிய ஹோட்டல் ஒன்றின் அடித்தளத்து லாண்டரியில், ஆனையளவு வாஷிங் மெஷின்களின் பிளிறலுக்கு நடுவே படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டும் வீரன். வெள்ளிக்கிழமை அந்தியில் கஃபடீரியா வாசலில் டீ கிளாஸோடு நின்று அவன் மொழிந்தது வருமாறு:

"மாப்ள, நாயித்துக்கெழமை லீவுதான?"

"லீவுதான். படுத்துக் கெடக்கணும். இடுப்பு விட்டுப்போச்சு."

"படுக்காத. எங்க ஹோட்டல்ல போர்ட்டர் டெஸ்டிங். மேனேஜர் காலைல வந்து சொல்லிட்டுப் போனாரு. நாலு மணிக்கு. வாக்-இன்னு வேற சொன்னாரு."

"போர்ட்டர்னா?"

"என்னடா போர்ட்டர்னா? ரயிலடில செவப்புச் சட்டை போட்டு நிப்பான்ல, அதே ஆளு. இங்க சட்டைக்குப் பதிலா கோட்டு. பொட்டிக்கெல்லாம் சக்கரம் இருக்கு, தள்ளுனாப் போதும். ஃபுல் ஏ.சி. வெள்ளைக்காரன் சிரிச்சுக்கிட்டே டிப்ஸு குடுப்பான்."

"என்ன டெஸ்ட் வைப்பாக?"

"பொட்டி தூக்கச் சொல்லுவான். பின்ன, மீன் வறுக்கவா சொல்லுவான்? ஆனா ஒண்ணு கேட்டுக்க. என்ன குடுத்தாலும், என்ன சொன்னாலும் மூஞ்சி சுளிக்கக் கூடாது. ஹோட்டல்ல மொத டெஸ்ட்டே மூஞ்சிதான்."

வாசகப் பெருமக்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். மேனேஜர் சொன்னது டெஸ்டிங் அல்ல, டேஸ்டிங். போர்ட்டர் என்று அவர் சொன்னது ஆங்கில நாட்டுப் பழங்கால பியர் ஒன்றின் பெயர். கரிய நிறத்தது, கசப்புச் சுவையது, அதை ஒரு வாய் பருகி அபிப்பிராயம் சொல்ல ஞாயிறு மாலை யார் வேண்டுமானாலும் நேரே வரலாம், பருகுவது இலவசம், என்பதே மேனேஜரின் திருவாக்கு. வாஷிங் மெஷின் ஒன்று அந்த நேரம் பார்த்துப் பிளிறியது. டேயின் நெடில் டெயின் குறிலானது. ஒரே ஒரு மாத்திரை குறைந்தது. தொல்லிலக்கணம் கண்ட புலவர்கள் கண்ணிமைக்கும் நேரம் என்று அளந்து வைத்த அந்த ஒரு மாத்திரையில் ஒரு மனிதனின் தலையெழுத்தே புரண்டது. போதாக்குறைக்கு 'வாக்-இன்' என்ற சொல் வேறு. வளைகுடாவில் உழைக்கும் தமிழனின் காதில் அந்தச் சொல் விழுந்தால் அதற்குப் பின்னால் இன்டர்வியூ என்ற சொல்லைக் காதே போட்டுக்கொள்ளும். அருள்ராஜைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

கார்மேகத்துக்கும் பியர் வகைகள் தெரிய நியாயமில்லை. முதுகுளத்தூர் வட்டாரத்திலேயே மதுவைத் தொடாத ஆண்மகன் என்று சுட்டிக்காட்டப்பட்டவன் அவன். அந்த ஒழுக்கத்துக்காகவே எந்தக் கல்யாண வீட்டிலும் ஆண்கள் அவனைப் பந்தலுக்குப் பின்னால் கூப்பிட்டதில்லை. பெண்கள் மட்டும் மதித்தார்கள். பாத்திரம் கழுவக் கூப்பிட்டார்கள்.

செய்தி அலைபேசி வழி கடல் கடந்தது. மனைவி வடிவின் குரல் உடனே திரும்பி வந்தது.

"ஏங்க, ஹோட்டல் வேலைன்னு எங்க அண்ணன்ட்ட சொல்லிப்புட்டேன். அது ஊருக்கே சொல்லிருச்சு. இனிமே நீங்க பெயிலானா நல்லா இருக்காது."

பாருங்கள், போர் தொடங்குமுன்பே வெற்றிச் செய்தி தலைநகரை அடைந்துவிட்டது. பின்வாங்குவது இனி எப்படி?

ஞாயிறு வந்தது. அண்ணல் ஆயுதம் பூண்டான். செக்யூரிட்டி நண்பனிடம் இரவல் வாங்கிய நீல டை என்னும் நாகபாசம் கழுத்தை இறுக்கியது. அயர்ன் பாக்ஸின் வெப்பத்தில் மூன்று முறை மடிந்தெழுந்த வெள்ளைச் சட்டை மார்புக்கவசம் ஆயிற்று. தேங்காயெண்ணெய் தடவிய தலை, வெயிலில் மகுடம்போல் மின்னியது. காலுக்கு வேறு ஷூ இல்லாததால், இரும்பு மூக்கு கொண்ட குடோன் சேஃப்டி ஷூவையே பாலீஷ் போட்டு மாட்டிக்கொண்டான். அத்தர் தெளித்தான். அளவு தெரியாமல் தெளித்தான். பஸ்ஸில் அவன் ஏறியதும் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறிடம் போனதை மரியாதை என்று எடுத்துக்கொண்டான். அப்படி எடுத்துக்கொள்வதுதான் மாவீரர்களுக்கு அழகு.

ஹோட்டலின் முதல் மாடியில் ஆங்கில நாட்டு மதுக்கூடம் ஒன்று. பாலைவனத்தின் நட்டநடுவே, குளிர்காய ஒரு பொய்க் கணப்பு. அதில் பிளாஸ்டிக் விறகு. அதற்குப் பின்னால் சிவப்பு பல்பு. வெளியே நாற்பத்தைந்து டிகிரி. உள்ளே பதினெட்டு. இயற்கையை இரண்டு பக்கமும் ஏமாற்றும் இந்தத் திருத்தலத்தின் வாயிலில் காவல் நின்றவள் ஹர்ஷினி. துபாயிலேயே பிறந்து, தமிழைப் பட்டுப்புடவைபோல் விசேஷ நாட்களில் மட்டும் எடுத்து உடுத்தும் இளம்பெண். நிகழ்ச்சி ஏற்பாடு அவள் பொறுப்பு.

"ஹாய்! வாக்-இன்னா?"

"ஆமாங்க மேடம். வாக்-இன்."

"ஓ, தமிழா! சூப்பர். இதுக்கு முன்னாடி போர்ட்டர் ட்ரை பண்ணிருக்கீங்களா?"

"பதினோரு வருசமா அதானே மேடம்."

"வாவ்! அப்போ சீரியஸ் ஆளு. ஒரு நாளைக்கு எவ்ளோ போகும்?"

"சீசன்ல முன்னூறு பொட்டி."

பெட்டி என்றால் பியர் புட்டிகள் அடுக்கிய பெட்டி என்று மட்டுமே அறிந்த ஹர்ஷினி, வாய்விட்டுச் சிரித்தாள். "யூ ஆர் ஸோ ஃபன்னி, அண்ணா!"

"கூட ஒரு ஆளு இருந்தா இன்னமும் போகும் மேடம். ஒடைசல் வராது."

அவன் நெஞ்சில் பெயரெழுதிய ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி உள்ளே அனுப்பினாள். அத்தனை கேள்விக்கும் தடுமாறாமல் பதில் சொன்ன களிப்பில் அண்ணல் அரிமா போல் நடந்தான். சேஃப்டி ஷூ மரத்தரையில் போர்முரசு கொட்டியது.

களம் விரிந்தது. நீண்ட மேசைகள். ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் ஒரு மரப்பலகை. பலகைதோறும் ஆறு சிறு கண்ணாடிக் கோப்பைகள். காக்கைச் சிறகென, கார்காலத்து நள்ளிரவென, கல்யாண வீட்டு அண்டாவின் அடிப்பக்கமென, கருமை திரண்டு ஆறு கோப்பையிலும் நின்றது அந்தத் திரவம். மேலே மட்டும் பழுப்பு நுரை, படைத்தலைவனின் மீசைபோல. கூடத்தின் கோடியில், வெல்வெட் விரித்த ஒரு மரத் தாங்கியின்மேல், பள்ளிகொண்ட பெருமாள்போல் ஒருக்களித்துப் படுத்திருந்தது ஒரு மரப் பீப்பாய். அதன் வயிற்றின் உச்சியில் ஒரு சிறு மர ஆப்பு.

அண்ணல் போட்டியாளர்களை நோட்டம் விட்டான். இருபது பேர். ஒருவன் கையிலும் காய்ப்பு இல்லை. ஒருவன் தோளிலும் தடம் இல்லை. இரண்டு பேர் பெண்கள், ஒருவர் தாத்தா. இவர்களா போர்ட்டர் ஆகப் போகிறார்கள்? பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தவன் அர்ஜுன். பெயர்தான் வில்லாளி, தொழில் வங்கியில் பெரிய உத்தியோகம், உடுத்தியது பால்வெள்ளை லினன் சட்டை, கோப்பையைச் சுழற்றிச் சுழற்றி முகர்ந்துகொண்டிருந்தான்.

"சாரும் போர்ட்டருக்குத்தானா?" என்றான் கார்மேகம்.

"ஆஃப்கோர்ஸ் பாஸ். ஐ லிவ் ஃபார் போர்ட்டர். அது இல்லேன்னா எனக்கு லைஃபே இல்ல."

அண்ணலின் உள்ளம் இளகியது. பாவம், படித்த களை தெரிகிறது, என்ன கஷ்டமோ, இந்த வேலைக்கு வந்து நிற்கிறது என்று எண்ணினான். ஆனாலும் களத்தில் இரக்கம் கூடாது. "ஒரே இடம்தான் இருக்கும்போல சார். பாப்போம்," என்றான். அர்ஜுனுக்குப் புரியவில்லை, புரியாததற்கெல்லாம் தலையாட்டுவது வங்கிப் பழக்கம், ஆட்டினான்.

அப்போது மேடையேறினார் கிரஹாம் துரை. அந்த பியரை வடித்தெடுத்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்த மாமனிதர். செம்பட்டைத் தாடி தொப்பைவரை இறங்கி, தொப்பை அதை வரவேற்று நின்றது. அவர் ஆங்கிலத்தில் முழங்கியதைக் காவியத் தமிழில் தருகிறேன்:

"கேண்மின், நாவலர்களே! நாவால் உலகை அளப்போரே! யாம் வடித்த போர்ட்டர், இயந்திரக் காற்று ஏற்றாதது, வடிகட்டாதது, பீப்பாய்க்குள்ளேயே உயிரோடு மூச்சுவிடுவது! அதன் அடியில் மண்டி உறங்குகிறது. மூன்று பகல், மூன்று இரவு, இப்பீப்பாயை அசையாமல் துயில வைத்தோம், மண்டி அடங்கும் பொருட்டு. தும்மல் வருவோர் தள்ளி நின்று தும்முக! அதை அசைத்தவன் எம் குலத்தை அசைத்தவன் ஆவான்!"

இத்தனையில் கார்மேகத்தின் காதுக்குச் சேர்ந்தவை இரண்டே சொற்கள். ஒன்று போர்ட்டர். மற்றொன்று த்ரீ டேஸ். சரி, மூன்று நாள் ட்ரெயினிங் போலிருக்கிறது.

முதல் கோப்பையை எடுத்தான். மூக்கருகே கொண்டுபோனான். அடடா, என்ன கொடுமை! மணம் நாசியின் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்து, மூளையின் கொலுமண்டபத்தில் ஏறி நின்று, "நான் சாராயக் குலம்!" என்று கூவியது. அண்ணல் திடுக்கிட்டான். முப்பத்தெட்டு ஆண்டுக் கற்பு, கண்ணாடி விளிம்பில் தள்ளாடியது. எழுந்து போய்விடலாமா? போனால் திங்கட்கிழமை, கையெழுத்து, இரண்டு ஆண்டு. முதுகில் பகைமன்னன் ஒரு முறை ஈட்டியால் குத்திக் காட்டினான். அப்போது தூதன் அருள்ராஜின் திருமொழி மின்னலென வெட்டியது: என்ன குடுத்தாலும் மூஞ்சி சுளிக்கக் கூடாது!

ஆகா, விளங்கிவிட்டது! குடித்துவிட்டு வரும் விருந்தாளியின் நாற்றத்தைத் தாங்குகிறானா, கஸ்டமர் ஊற்றிக் கொடுத்தாலும் கால் தடுமாறாமல் பெட்டியை ரூமுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறானா என்று சோதிக்கிறான் வெள்ளைக்காரன். பலே! பெரிய ஹோட்டல் என்றால் சும்மாவா? அண்ணல் குலதெய்வத்தை நினைத்தான், வடிவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டான், கண்ணை மூடாமல் (மூடினால் மூஞ்சி சுளிப்பில் சேர்த்துவிடுவார்கள்) ஒரே வாயில் கவிழ்த்தான்.

அடுப்பில் வைத்து மறந்த காப்பித்தூள். அதன்மேல் தீய்ந்த நிலக்கடலை. அதன்மேல் யாரோ மனமிரங்கிக் கொட்டிய கருப்பட்டிப் பாகு. கடைசியில் நாக்கின் வேரில், பால்குடி மறக்கத் தடவும் வேப்பெண்ணெய். சில்லென்றாவது இருந்ததா? இல்லை. பச்சைத் தண்ணீரின் சூடு. காதுமடல் கொதித்தது, கண் கசிந்தது, வயிறு 'யாரடா அவன்?' என்று எழுந்து நின்றது. முகம்? முகம் மட்டும் பாஸ்போர்ட் போட்டோபோல் அசையாதிருந்தது. இமயம் அசைந்தாலும் அசையும், அந்த மூஞ்சி அசையாது!

சுற்றிலும் பார்த்தான். மற்றவர்கள் ஒரு சொட்டு உறிஞ்சி, வாயில் உருட்டி, மீதியை மேசையடி வாளியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணல் அகமகிழ்ந்தான். கொட்டுகிறார்கள்! தாங்க முடியாமல் கொட்டுகிறார்கள்! ஒவ்வொருவனாய்ப் பெயிலாகிறான்! இரண்டாம் கோப்பை வீழ்ந்தது. மூன்றாவது, புகையிட்ட தேங்காய்ச் சிரட்டையின் வாசத்தோடு வந்து தாக்கி, ஏப்பமாய்ச் சிதறி மாண்டது.

அர்ஜுனன் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்து, கண்களை மூடித் தவம் செய்து, தவத்தின் முடிவில் வாய் திறந்தான். "ம்ம்... ஐ கெட் லெதர். ஓல்டு சூட்கேஸ். மழைல நனைஞ்ச சூட்கேஸ்."

சூட்கேஸ்! கார்மேகத்தின் ஐயம் அறவே அற்றது. இதுவரை மனத்தின் மூலையில், இது வேறு ஏதாவது கூட்டமோ என்று சின்னதாக ஒரு பல்லி கத்திக்கொண்டிருந்தது. அதுவும் வாயை மூடியது. அவனும் தொழில் அறிவைக் காட்ட எண்ணி, "நனைஞ்ச சூட்கேஸ்னா பிடியில தூக்கக் கூடாது சார். அடில கை குடுக்கணும்," என்றான்.

அர்ஜுன் அசந்துபோனான். "பாஸ்... தட்ஸ் டீப்," என்றான்.

நான்காம் கோப்பையில் கூடம் லேசாகச் சாய்ந்தது. ஐந்தாவதில் நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்தது. ஆறாம் கோப்பை அந்தப் பீப்பாயிலிருந்தே பிடித்தது, படைகளுக்கெல்லாம் பேரரசன், நெடுநேரம் எதிர்த்து நின்றான். அண்ணல் இரண்டு கையாலும் அவனைப் பிடித்துத் தொண்டைக் கணவாயில் தள்ளி, மேலே ஒரு விக்கலால் வாயிலை அடைத்தான். ஆறும் காலி. அந்த மண்டபத்தில் ஆறும் காலி செய்த ஒரே பலகை அவனுடையது. வானவர் பூமாரி பொழிந்திருப்பார்கள், ஃபால்ஸ் சீலிங் இருந்ததால் இறங்கவில்லை.

துரை வியந்து அருகே வந்தார். இந்தச் சுவைஞரின் கருத்து என்னவென்று கேட்டார். ஹர்ஷினி மொழிபெயர்த்தாள்.

"அண்ணா, உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு கேக்கறார்."

"வெயிட்டு ஒண்ணும் தெரியல மேடம். இன்னும் ரெண்டு வந்தாலும் தாங்கும்."

"பாடி லைட்டா இருக்கு, இன்னும் ரெண்டு வேணும்னு சொல்றார்," என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். பியர்க்காரர்கள் மொழியில் பாடி என்றால் பியரின் அடர்த்தி. பொய் என்று எப்படிச் சொல்வது? துரையின் தாடி மகிழ்ச்சியில் விரிந்தது. அவர் மீண்டும் மேடையேறி, பெயர்க்காரணம் உரைக்கத் தொடங்கினார்:

"கேண்மின்! பண்டை லண்டன் மாநகரில் தோள்வலி மிக்க சுமைகூலிகள் இருந்தனர். மூட்டையும் முடிச்சும் அவர் தோளில் ஏறிற்று. உழைத்துக் களைத்து அவர் விரும்பிக் குடித்தது இது. அதனால் அவர் பெயரே இதற்கும் ஆயிற்று. அந்தத் தோள்களை வணங்குவோம்! தோள்கள் இல்லையேல் போர்ட்டர் இல்லை!"

சொல்லும்போது துரை தம் வலத்தோளை இரண்டு முறை தட்டினார். பிறகு கையை நீட்டிப் பீப்பாயைக் காட்டினார். பிறகு, நன்றியுணர்வு மேலிட, கார்மேகத்தை நோக்கி இரு கையும் விரித்தார்.

தோள். பீப்பாய். நீ.

இதற்குமேல் ஒரு பரீட்சகர் எப்படி வினாத்தாளைப் படிப்பார்?

எழுந்தான் கார்மேகம். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. டை தோளுக்குப் பின்னால் பறந்தது. சேஃப்டி ஷூ அதிர, மதயானை மூங்கில் காட்டை நோக்கிச் செல்வதுபோல், தாகத்தில் தவிக்கும் தெரு தண்ணீர் லாரியை நோக்கிச் செல்வதுபோல், சம்பள நாளில் தொழிலாளர் கேம்ப் முழுவதும் ஊருக்குப் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சை நோக்கிச் செல்வதுபோல் சென்றான். முழங்கால் மடக்கினான், அடியில் கை கொடுத்தான், "யா முருகா!" என்று தமிழும் அரபியும் கலந்து முழங்கினான். மூன்று பகலும் மூன்று இரவும் துயின்ற பீப்பாய் ஒரே இமைப்பொழுதில் அவன் தோளின்மேல் துயில் கலைந்தது.

துரை அலறினார். அந்த அலறலுக்குச் சொல் இல்லை, தாடி மட்டுமே இருந்தது. ஹர்ஷினி "அண்ணாஆ!" என்றாள். கூடமே எழுந்து நின்று கத்தியது. முதுகைக் குத்தும் பகைவனையும் மறந்து, கைதட்டல் கடலில் மிதப்பதாய் எண்ணி, அண்ணல் நடந்தான். வளைந்து வளைந்து நடந்தாலும் நடந்தான். மேசைகளைச் சுற்றி, தூணைச் சுற்றி, பொய்க் கணப்பைச் சுற்றி, கோயில் தேர் நாலு வீதி வருவதுபோல் வந்தான். உள்ளே மண்டி கொந்தளித்தது, மூச்சு திரண்டது, உச்சி ஆப்பு துப்பாக்கிக் குண்டெனப் பாய்ந்து கூரையில் தைத்தது, கரும்புனல் ஒன்று வில்லென வளைந்து எழுந்து, அத்தனை பேரில் அர்ஜுனனைத் தேர்ந்தெடுத்து, பால்வெள்ளை லினனின்மேல் அபிஷேகமாய் இறங்கியது.

எடுத்த இடத்திலேயே, எடுத்த விதத்திலேயே பீப்பாயைப் படுக்க வைத்தான் கார்மேகம். தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் இடுவதுபோல் வைத்தான். டை நுனியால் நெற்றி துடைத்தான். நிமிர்ந்து அட்டென்ஷனில் நின்று பிரகடனம் செய்தான்:

"நோ பிரேக்கேஜ், சார்! டூட்டி எப்பருந்து?"

ஏ.சி. அன்னையின் மூச்சு மட்டும் கேட்டது.

"என்ன டூட்டி?" என்றாள் ஹர்ஷினி.

"போர்ட்டர் டூட்டி மேடம். டெஸ்டிங் முடிஞ்சுதுல்ல?"

அவள் ஒரு நிமிடம் அவனைப் பார்த்தாள். ஸ்டிக்கரைப் பார்த்தாள். டையை, ஷூவைப் பார்த்தாள். முன்னூறு பெட்டி என்றால் என்ன பெட்டி என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. விசேஷத் தமிழ் கழன்று, வீட்டுத் தமிழ் வந்தது.

"அய்யோ அண்ணா... டெஸ்டிங் இல்லண்ணா. டேஸ்டிங். டே... ஸ்டிங். நாக்கு. போர்ட்டர்ங்கறது இந்த பியரோட பேரு."

"அப்ப... பொட்டி தூக்குறவுக?"

"அவங்கள இங்க போர்ட்டர்னே சொல்றதில்ல. கெஸ்ட் எக்ஸ்பீரியன்ஸ் அசோசியேட். டிகிரி கேப்பாங்கண்ணா. சாரி."

பெட்டிக்குச் சக்கரம் வந்ததும் தூக்குகிறவனுக்குப் பட்டம் வேண்டுமாம். சக்கரம் இல்லாத பெட்டிக்கு ஒன்றும் வேண்டாம், முதுகு இருந்தால் போதும். இந்த நுட்பமான நீதியைக் கேட்டு அண்ணல் கீழே விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தான்.

காவலர்களைக் கூப்பிடலாமா என்று துரை யோசித்துக்கொண்டிருக்கையில், கரும்புனலில் நனைந்த அர்ஜுன், சட்டைக் கையில் வடிந்ததை நக்கிப் பார்த்தான். மண்டியெல்லாம் கலந்து, குளத்தைக் கலக்கிய எருமை கரையேறினாற்போல் இருந்தது அது. அவன் கண்களை மூடினான்.

"ஓ மை காட். ரஸ்டிக்! எர்த்தி! திஸ் இஸ் தி ரியல் ஒன்!"

அவ்வளவுதான். இருபது நாவலர்களும் கோப்பையோடு பீப்பாய்க்கு வரிசை கட்டினார்கள். மண் வாசம் என்றார் ஒருவர். உழைப்பாளியின் வியர்வை என்றாள் ஒருத்தி. துரையின் துக்கம் தாடிக்குள் மறைந்தது. வியாபாரி வெளியே வந்தார். "தோள்முறைப் போர்ட்டர், பண்டைக் கால வழக்கம்," என்று அந்த இடத்திலேயே பெயர் சூட்டி, அவரே முதலிலிருந்து திட்டமிட்டதுபோல் சிரித்தார். வியர்வையைப் புகழ்ந்த கூட்டத்தில் வியர்வைக்காரனை யாரும் தேடவில்லை. அவன் ஷூ சத்தம் கேட்காமல் இறங்கிப் போய்விட்டான்.

பஸ் ஸ்டாப்பில் அருள்ராஜ் காத்திருந்தான். நடந்ததைக் கேட்டு முடித்ததும் சொன்னான்:

"நா டேன்னுதான் மாப்ள சொன்னேன். நீ டென்னு கேட்டுட்ட."

மறுமொழி கூறுமுன் அலைபேசி அடித்தது. வடிவு.

"என்னாச்சுங்க? பாஸா பெயிலா?"

"பாஸு. வெள்ளைக்காரனே எந்திரிச்சு நின்னு கத்துனான். வேலைதான் இல்ல."

"அதென்ன வாய் கொழகொழங்குது? ஏங்க... குடிச்சிருக்கீகளா?"

"டெஸ்ட்ல குடுத்தாக."

மறுமுனையில் எழுந்த மௌனத்தின் முன்னால் அந்த ஆறு கோப்பைகளும் வெறும் பானகம்.

கீழ்வானில் கதிரவன் கிரேன்களின் நடுவே தலை காட்டிய திங்கள் காலையில், கருங்கடல் ஆறும் குடித்துக் கடந்த கார்மேகன், பீப்பாய்ப் பெருமாளைத் துயிலெழுப்பிய பெருந்தோளன், அறுபதுக்கு அறுபதின் நாயகன், குடோன் ஆபீஸ் என்னும் கொடுங்கோட்டையின் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து, இரண்டு ஆண்டு என்னும் இருபெரும் மலைகளைக் குனிந்து நோக்கி, பகைமன்னன் முதுகில் நின்று எக்காளம் ஊத, வானமும் பாலையும் சான்றாக, நீல மைப் பேனாவை வாளென ஓங்கிக் கையெழுத்திட்டான்.

அன்று முழுக்க அவனுக்குத் தலை வலித்தது.